கணப்போடு முடியாத பயணம்

நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் ஓர்மன் லாங்கே என்றொரு எரிவாயு வயல் இருக்கிறது. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே கடலடி நிலம் பெருஞ்சரிவாகப் பெயர்ந்து விழுந்தது. ஸ்டோரெக்கா சரிவு என்று அதைச் சொல்கிறார்கள். அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஸ்காட்லாந்துக் கரையில் கொண்டுவந்து கொட்டிய மணல் இன்றும் அங்குள்ள மண்ணடுக்குகளில் கிடக்கிறது. சரிந்த அந்த வடுவுக்குள், 800 முதல் 1,100 மீட்டர் ஆழத்தில், உறைநிலைக்கும் கீழே இறங்கும் குளிர்நீரில்தான் கிணறுகள். மேலே மேடை கிடையாது, ஆள் கிடையாது. 1997-இல் கண்டுபிடித்த வயல் 2007-இல் வாயு தரத் தொடங்கியது. கிணற்றிலிருந்து ஏறும்போது நீரும் எண்ணெய்த் திரவமும் அதோடு கலந்தே வருகின்றன. அந்தக் குளிரில் நீரும் மீத்தேனும் சேர்ந்து கட்டியாக உறைந்து குழாயை அடைத்துவிடும். அதனால் உறைதடுப்புத் திரவத்தைக் கிணற்றடியிலேயே செலுத்துகிறார்கள். கரையில் நிஹாம்னா என்ற இடத்தில் நீரையும் எண்ணெயையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதுதான் வீட்டில் எரியும் வாயு.

அங்கிருந்து லாங்கெலெட் என்ற குழாய் தொடங்குகிறது. கடலடியில் 1,166 கிலோமீட்டர் நீளம். உள்ளே ஒரு சிறுவன் நிமிர்ந்து உட்காரலாம், அவ்வளவு அகலம். தெற்குப் பகுதி 2006 அக்டோபரிலும் வடக்குப் பகுதி அடுத்த ஆண்டும் திறக்கப்பட்டன. பிரிட்டனின் வாயுத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கை இந்த ஒரே குழாய் கொடுக்க முடியும் என்று அப்போது கணக்கிட்டார்கள். இங்கிலாந்தின் யார்க்ஷயர் கரையில் ஈசிங்டன் என்ற சிற்றூரில் அது தரையேறுகிறது. அங்கே பிரிட்டனின் சொந்தக் கடல் வாயுவோடு சேர்ந்துகொள்கிறது. கத்தாரின் ராஸ் லஃபானில் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றிய வாயு வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனில் இறங்கி இதே வலைப்பின்னலுக்குள் வருகிறது. எல்லாம் கலந்துவிட்ட பிறகு எந்த மூலக்கூறு எந்த ஊர்க்காரன் என்று பிரிக்க முடியாது. நாம் ஒன்றை மட்டும் பின்தொடர்வோம். அது போய்ச் சேர்கிற இடம் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், நூறாண்டுக்கு முன் நிலக்கரி எரிக்கக் கட்டிய வரிசை வீடு ஒன்றின் முன்னறைக் கணப்பு. தமிழ்க் கடைகளும் தமிழ் வாடகைதாரர்களும் நிறைந்த வட்டாரம் அது. மேனர் பார்க் முருகன் கோயிலுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.

ஈசிங்டனைச் சும்மா கடந்து போக மனம் வரவில்லை. பிரிட்டனுக்குச் சொந்தமான வட கடலில் முதன்முதலாக வாயுவைக் கண்டது ‘சீ ஜெம்’ என்ற துளையிடு மேடை. 1965 செப்டம்பரில் கண்டது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று மேடையை வேறிடத்துக்கு நகர்த்தும் வேலையில் இருந்தபோது கால்கள் முறிந்து கடலில் கவிழ்ந்தது. 13 பேர் இறந்தார்கள். அவர்கள் தோண்டிய வயலின் வாயு 1967-இல் ஈசிங்டனில் கரையேறியது. கடல் மேடைகளுக்கான பிரிட்டிஷ் பாதுகாப்புச் சட்டம் 1971-இல் வந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் சாவு, பிறகு சட்டம். இந்த வாயுவின் வழி நெடுக அதே வரிசைதான்.

கரையேறியதும் வாயு நாட்டின் பெருங்குழாய் வலையில் நுழைகிறது. சுமார் 7,600 கிலோமீட்டர் எஃகுக் குழாய்கள். உள்ளே அழுத்தம் 85 பார் வரை போகும். 850 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம் அது. இடையிடையே அமுக்கி நிலையங்கள் தள்ளிவிட, மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் வாயு தெற்கு நோக்கி நகர்கிறது. குழாய்ச் சுவர் எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று பார்க்க, காந்த உணரிகள் பூட்டிய கருவியைக் குழாய்க்குள்ளேயே விட்டு வாயுவின் வேகத்திலேயே ஓடவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் வாயுவுக்கு மணமே இல்லை. பெருங்குழாயை விட்டு ஊர்க் குழாய்களுக்கு இறங்கும் நிலையத்தில்தான் மணம் சேர்க்கிறார்கள். கந்தகம் கலந்த சேர்மம், மிக மிகச் சிறிய அளவு. காற்றில் வாயு சுமார் 5 சதவீதம் கலந்தால் அது பற்றிக்கொள்ளும் நிலைக்கு வரும். அதில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்திருக்கும்போதே சாதாரண மனிதர் மூக்குக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

மணம் சேர்க்கும் வழக்கம் உலகமெங்கும் சட்டமாகப் பரவியதற்குக் காரணம் அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம். 1937 மார்ச் 18. கட்டடத்தின் அடியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து தேங்கியிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. மின்சாரப் பொறி ஒன்று போதுமாக இருந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இன்று நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றமும் அதே பாடத்தின் தொடர்ச்சிதான்.

லண்டனை நெருங்குவதற்குள் இன்னொரு வாயுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈஸ்ட் ஹாமுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில், பெக்டன் இருக்கிறது. இன்று அங்கே சூப்பர் மார்க்கெட்டுகளும் புதுக் குடியிருப்புகளும். 1870-இல் அங்கே திறந்தது எரிவாயு ஆலை. நிறுவனத்தின் தலைவராக இருந்த சைமன் ஆடம்ஸ் பெக் என்பவரின் பெயரே ஊர்ப்பெயரானது. ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய வாயு ஆலை அது. வடகிழக்கு இங்கிலாந்துச் சுரங்கங்களின் நிலக்கரி கப்பலில் வந்து இறங்கும். காற்றுப் புகாத உலைக்கலங்களில் அதைப் போட்டுச் சுட்டெடுத்தால் வாயு பிரியும். மிஞ்சுவது கோக், தார், அம்மோனியா. அந்த உலைவாயில் 12 மணி நேரம் நின்று கரி வாரிப் போட்டவர்களில் ஒருவர் வில் தோர்ன். எழுதப் படிக்கத் தடுமாறியவர். காரல் மார்க்ஸின் மகள் எலினார் அவருக்கு அதில் கைகொடுத்தார். 1889-இல் வில் தோர்ன் கட்டிய தொழிற்சங்கம் எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தது. ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இன்று நாம் கேட்டு வாங்கும் வேலைநேர உரிமையில் அந்த ஆலைக்காரர்களின் வியர்வை இருக்கிறது.

பெக்டன் தயாரித்த வாயு ஊருக்கு வெளிச்சமும் சூடும் தந்தது. ஆனால் அதுவே விஷம். பாதிக்குப் பாதி ஹைட்ரஜன், பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, சில சமயம் அதற்கும் மேலே, கார்பன் மோனாக்சைடு. எரியாமல் கசிந்தாலே ஆளைக் கொல்லும். குழாயைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்த முதியவர்கள், காற்றில் அணைந்துபோன சுடர், தூக்கத்தில் போன குடும்பங்கள் என்று ஒன்றரை நூற்றாண்டு இந்த வாயுவோடு பிரிட்டன் வாழ்ந்தது. 1952-இல் லண்டனைப் போர்த்திய கரும்புகைப் பனியில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கரி எரித்த கணப்புகள் ஒவ்வொன்றாக வாயுவுக்கு மாறின. புகை குறைந்தது. குழாய்க்குள் இருந்த விஷம் மட்டும் அப்படியே இருந்தது.

அதை மாற்றியது வட கடல். இயற்கை வாயு பெரும்பாலும் மீத்தேன்தான். அதில் கார்பன் மோனாக்சைடு இல்லை. ஆனால் பழைய அடுப்பில் அதை அப்படியே எரிக்க முடியாது. ஒரு கன மீட்டருக்குப் பழைய வாயுவைப் போல இரண்டு மடங்கு வெப்பம், எரிய இரண்டு மடங்கு காற்று வேண்டும், சுடர் பரவும் வேகமோ குறைவு. பழைய பர்னரில் விட்டால் சுடர் தட்டை விட்டு எழும்பிப் பறந்து அணையும். எனவே நாட்டிலுள்ள ஒவ்வொரு அடுப்பையும், ஒவ்வொரு கணப்பையும், ஒவ்வொரு வெந்நீர்க் கலனையும் திருத்தியாக வேண்டும். 1966-இல் தேம்ஸ் முகத்துவாரத்துக் கேன்வி தீவில் ஒத்திகை பார்த்தார்கள். 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகள், தெருத் தெருவாக வாயுவை நிறுத்தி, வீடு வீடாகப் படியேறி, சுமார் 1.3 கோடி வாடிக்கையாளர்களின் மூன்று கோடிக்கு மேற்பட்ட சாதனங்களில் துளைகளையும் பர்னர்களையும் மாற்றினார்கள். இந்தப் பணியை முன்னெடுத்த பொறியாளர்களில் முக்கியமானவர் டெனிஸ் ரூக். 1959-இல் அமெரிக்காவிலிருந்து கேன்விக்கு முதன்முதலாகத் திரவ மீத்தேனைச் சுமந்துவந்த கப்பலிலேயே பயணம் செய்தவர். ஒரு நாடு தன் மக்களின் அடுப்படி வரை போய் ஒரு விஷத்தை அப்புறப்படுத்திய வேலை அது. பொதுநலப் பணி என்று நான் எதையாவது காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன்.

அந்தப் பணி நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ரோனன் பாயிண்ட் இடிந்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்து நான்கைந்து கிலோமீட்டரில் உள்ள கேனிங் டவுனில் 22 மாடிக் குடியிருப்பு. மக்கள் குடியேறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16, அதிகாலை ஆறு மணிக்குச் சற்று முன். பதினெட்டாம் மாடியில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி உரசினார். இரவு முழுக்கக் கசிந்து தேங்கியிருந்த நகர வாயு, அதாவது பழைய நிலக்கரி வாயு, வெடித்தது. சுவர்ப்பலகை பிடுங்கிக்கொண்டு போக, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டாகச் சரிந்தது. நால்வர் இறந்தார்கள். தீக்குச்சி உரசிய பெண் பிழைத்துக்கொண்டார். விசாரணையில் கட்டடத்தின் பலவீனம் வெளிப்பட்டது. வாயு எங்கிருந்து கசிந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை இன்னும் சிறியது. அடுப்பின் குழாயைப் பொருத்திய பித்தளை நட்டு. தரம் குறைந்த ஒரே ஒரு நட்டு.

இரண்டு ஆண்டுகளில், 1970-இல், எரிவாயுப் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் ‘கார்கி’ அமைப்பு உருவானது. அப்போது பதிவு விருப்பத்தைப் பொறுத்தது. 1991-இல் கட்டாயமானது. 2009 ஏப்ரல் 1 முதல் அந்த இடத்தில் ‘கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்’ இருக்கிறது. பிரிட்டனில் கூலிக்கு எரிவாயு வேலை செய்பவர் யாராக இருந்தாலும் இதில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அது குற்றம்.

வாயு இப்போது ஈஸ்ட் ஹாம் தெருவுக்கு வந்துவிட்டது. மண்ணுக்கடியில் கிடந்தவை விக்டோரியா காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள். இணைப்புகளில் சணல் நூலைத் திணித்து ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். பழைய நகர வாயு ஈரமானது. அந்த ஈரத்தில் சணல் ஊறி உப்பி இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தது. வட கடல் வாயு உலர்ந்தது. சணல் காய்ந்து சுருங்க, நூறாண்டாகக் கசியாத இணைப்புகள் கசியத் தொடங்கின. ஒரு பக்கம் விஷத்தை நீக்கிய மாற்றம் இன்னொரு பக்கம் கசிவைக் கொண்டுவந்தது. குழாய்களுக்குள் ஈரத் திரவத்தைத் தெளித்துச் சமாளித்தார்கள். இரும்பும் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. 1999 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் லார்க்ஹாலில் துருப்பிடித்த குழாயிலிருந்து கசிந்த வாயு ஒரு வீட்டைச் சிதறடித்து, பெற்றோரும் இரு பிள்ளைகளுமாக நால்வரைக் கொன்றது. குழாயை வைத்திருந்த டிரான்ஸ்கோ நிறுவனத்துக்கு 2005-இல் 1.5 கோடி பவுண்டு அபராதம். கட்டடங்களிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்கும் இரும்புக் குழாய்களை எல்லாம் 30 ஆண்டில் மாற்றும் திட்டம் 2002-இல் தொடங்கியது. லண்டன் தெருக்களைத் தோண்டிப்போட்டு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் இறக்குவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் லார்க்ஹாலை நினைத்துக்கொள்ளட்டும்.

தெருக் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து வீட்டுக்குள் நுழைகிறது. மீட்டருக்கு முன்னால் ஒரு கைப்பிடி வால்வு. கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் கிடந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. அதை அடுத்து முத்திரை வைத்த ரெகுலேட்டர். 85 பாரில் கிளம்பிய வாயு படிப்படியாக இறங்கி இங்கே 21 மில்லிபாராகிறது. ஒரு சாண் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவே. கிழக்கு லண்டனில் மீட்டர் வரை குழாய் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பொறியாளர்களும் உணரிகளும் சட்டங்களும் காவல் நின்ற வாயு, இந்த இடத்தில் தனி மனிதர் கைக்கு வருகிறது. எனக்கு இந்தப் பயணத்தில் முக்கியமாகப் படுவது மீட்டரிலிருந்து கணப்பு வரையிலான அந்தப் பத்து மீட்டரும், கணப்பிலிருந்து கூரைக்கு மேலே போகும் இன்னொரு பத்து மீட்டரும்தான். வாயு எரிந்ததோடு அதன் பயணம் முடிந்துவிட்டது என்று நினைப்பதில்தான் இன்று உயிர்கள் போகின்றன.

உள்ளே வரும் பாதையை முதலில் பார்ப்போம். மீட்டரிலிருந்து கணப்புக்குப் போகும் செம்புக் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் ஓர் உறைக்குழாய் வேண்டும். செங்கல்லும் சிமெண்டும் நேராகச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கும். உறையின் உட்பக்க வாயை அடைத்து வெளிப்பக்கத்தைத் திறந்து வைக்கிறார்கள், கசிந்தால் வாயு அறைக்குள் வராமல் வெளியே போவதற்காக. வேலை முடிந்ததும் பொருத்துநர் ‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மீட்டரில் இணைக்கிறார். 20 மில்லிபாருக்கு ஏற்றி, ஒரு நிமிடம் அடங்கவிட்டு, பிறகு இரண்டு நிமிடம் பார்க்கிறார். புதிய குழாயில் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கவே கூடாது. கணப்பு எரியும்போது மீட்டருக்கும் கணப்புக்கும் இடையே 1 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் குறையவும் கூடாது. குறைந்தால் குழாய் மெல்லியது, அல்லது வளைவுகள் அதிகம்.

இனி கணப்பு. 4 கிலோவாட் கணப்பு ஒரு மணி நேரத்தில் சுமார் 370 லிட்டர் வாயுவை எரிக்கும். அதற்குப் பத்து மடங்கு, அதாவது 3,700 லிட்டர் காற்றாவது அறையிலிருந்து இழுத்துக்கொள்ளும். திரும்பத் தருவது கரியமில வாயுவும் அரை லிட்டர் தண்ணீர் அளவுக்கு ஆவியும். காற்று போதவில்லையென்றால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. பெக்டன் வாயுவிலிருந்து பத்தாண்டு பாடுபட்டு வெளியேற்றிய அதே விஷம், நம் அறையிலேயே புதிதாகப் பிறக்கிறது. இந்த முறை மணமும் இல்லை. சேர்த்த கந்தக மணம் சுடரிலேயே எரிந்துபோய்விடும்.

இதற்குக் காவலாக நவீனக் கணப்பின் அடியில் இருக்கும் சிறு சுடரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. அந்தச் சுடருக்குள் இரண்டு வேறு உலோகங்கள் இணைந்த நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. சூடானால் அதில் ஒரு வோல்ட்டில் நூறில் இரண்டு மூன்று பங்கு மின்னழுத்தம் பிறக்கும். அந்தத் துளி மின்சாரம் ஒரு காந்தத்துக்குப் போய் வாயு வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறும், காந்தம் விடும், வால்வு மூடும். அறையில் ஆக்சிஜன் குறையத் தொடங்கினாலும் சிறு சுடர் அதைத் தேடிக்கொண்டு மேலே எழும்பி அந்த நுனியை விட்டு விலகிவிடும். அப்போதும் அதே கதை, வால்வு மூடும். வெளி மின்சாரம் வேண்டாம், மின்கலம் வேண்டாம். சில பழைய கணப்புகளில் இது கிடையாது.

எரிந்த புகைக்கு வழி புகைபோக்கி. ஈஸ்ட் ஹாம் வீடுகளின் புகைபோக்கிகள் நிலக்கரிக்காகக் கட்டியவை. நூறாண்டுக் கரி, உதிர்ந்த சாந்து, சில சமயம் ஜாக்டா எனப்படும் சிறு காக்கை கட்டிய கூடு. அந்தப் பறவை புகைபோக்கி வாயில் குச்சிகளை மேலே மேலே போட்டு ஒரே பருவத்தில் முழு அடைப்பாக்கிவிடும். உதிரும் குப்பை வாயை அடைக்காமல் விழுந்து தங்கவே கணப்பின் பின்பக்கம் ஒரு பள்ளம் விடுகிறார்கள். ஆண்டுச் சோதனையில் பொறியாளர் கணப்பைக் கழற்றி அந்தப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். முன்பக்கம் துடைத்துவிட்டுப் போகிறவர் வேலை செய்யவில்லை.

கடைசிச் சோதனைக்குப் புகைக்குச்சி. கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, கணப்பைச் சில நிமிடம் எரியவிட்டு, அதன் மேல்விளிம்பில் புகையும் குச்சியைக் காட்டுவார். புகை உள்ளே இழுபட வேண்டும். அறைப்பக்கம் திரும்பினால் கணப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தச் சோதனையைச் சமையலறை விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டும் செய்ய வேண்டும். இது நம் வீடுகளுக்கு மிக முக்கியம். தாளிக்கும்போது, மீன் பொரிக்கும்போது நாம் அந்த விசிறியை மணிக்கணக்கில் ஓடவிடுகிறோம். அது வீட்டிலுள்ள காற்றை வெளியே தள்ளும்போது, ஈடுசெய்யக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னலெல்லாம் இரட்டைக் கண்ணாடி போட்டு இறுக்கியிருந்தால் அது புகைபோக்கி வழியாக இறங்கும், எரிந்த புகையையும் சேர்த்துக்கொண்டு.

7 கிலோவாட்டுக்கு உட்பட்ட சாதாரணக் கணப்புக்குத் தனிக் காற்றுத்துளை கேட்பதில்லை. வீட்டின் இடுக்குகளில் நுழையும் காற்று போதும் என்பது கணக்கு. விறகு எரிவது போலக் காட்டும் அலங்காரக் கணப்புகளுக்குப் பொதுவாகச் சுவரில் துளை வேண்டும். குளிர் உள்ளே வருகிறது என்று அந்தத் துளையில் துணியை அடைத்து மேலே டேப் ஒட்டிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குக் குளிர் தாங்காது, உண்மைதான். ஆனால் அந்தத் துளை உங்கள் மூச்சுக்காக விட்டது.

இன்னொன்று, வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள முன்னறையையும் படுக்கையறை ஆக்கிவிடுகிறோம். மாணவர்களும் புதிதாக வேலைக்கு வந்தவர்களும் அந்த அறையில் கணப்பைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தூங்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சாதனம் இருந்தால் அது அறைக்காற்றைத் தொடாமல் வெளியிலிருந்தே மூச்சிழுக்கும் மூடிய வகையாக இருக்க வேண்டும். அதற்குள் இருந்தால், அந்த வகையாகவோ, விஷம் சேர்வதற்கு முன் தானே அணைந்துகொள்ளும் கருவி உள்ளதாகவோ இருக்க வேண்டும். முன்னறையில் கட்டில் போட்ட அன்றே அந்தக் கணப்புக்குச் சட்டம் மாறிவிடுகிறது. வீட்டு உரிமையாளர்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை.

கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அசதி. குளிர்காலத்தில் இதை ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு, ஜன்னலை இன்னும் இறுக்கி மூடிப் படுக்கிறோம். வீட்டைவிட்டு வெளியே போனால் தெளிந்து, திரும்பி வந்தால் மறுபடி வலித்தால், வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், அது காய்ச்சல் அல்ல. சுடர் நீலமாக நிற்காமல் மஞ்சளாகத் தளர்ந்து ஆடினால், சுவரில் கரி படிந்தால், சந்தேகப்பட வேண்டும். விறகைப் போலக் காட்டவே மஞ்சளாக எரிய வைத்த கணப்புகளும் உண்டு. அவற்றில் நிறத்தை நம்பவே கூடாது.

“தெரிஞ்ச தம்பி ஒருத்தன் இருக்கான், பாதிக் காசுக்கு முடிச்சுக் கொடுத்துடுவான்” என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ரோனன் பாயிண்டின் அந்த நட்டுதான் நினைவுக்கு வருகிறது. தம்பி நல்லவனாக இருக்கலாம், கைவேலைக்காரனாகவும் இருக்கலாம். கேஸ் சேஃப் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். பாய்லருக்குத் தகுதி பெற்றவர் கணப்புக்கும் பெற்றிருப்பார் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர் இது நமக்கென்ன என்று கேட்கலாம். காற்றுப்போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசர் போட்டுக் குளிக்கப் போனவர்கள் உயிரோடு திரும்பாத செய்தியும், மலைவாசத்தலத்து விடுதி அறையில் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்த செய்தியும் நம் நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கொன்றது அதே வாயு. அங்கேயும் அடைபட்டது புகை வெளியேறும் வழிதான்.

லண்டனிலோ பிரிட்டனின் வேறு ஊர்களிலோ உங்கள் பிள்ளைகள் வாடகை வீட்டில் இருந்தால், இந்த வாரம் பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரர் இந்த ஆண்டின் எரிவாயுச் சோதனைச் சான்றிதழைக் கொடுத்தாரா? குடிபுகும் முன்பே அது கைக்கு வந்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். கணப்போ பாய்லரோ உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? இங்கிலாந்தில் 2022 அக்டோபர் 1 முதல் அது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கணப்பு உள்ள அறையில் யாராவது தூங்குகிறார்களா? பதில்களில் ஒன்று சரியில்லையென்றாலும் கணப்பை அணைத்துவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல், மீட்டர் வால்வைக் குறுக்கே திருப்பிவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். அலாரம் அடித்தாலும் அதே எண்தான். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.